இந்துமதிக்கு நாலு மார்க்

போன மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ஹாட்பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு நான் ஒரு சபதம் எடுத்தேன். என் மனைவி இந்துமதியை எலிமினேட் செய்தே தீருவது.

பதறாதீர்கள். போலீசுக்கெல்லாம் போன் போட வேண்டாம். டான்ஸில் இருந்து மட்டும்தான்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் மோகன்ராஜ். வயது நாற்பத்தெட்டு. பெருமாநல்லூரில் செக்கிங் யூனிட் வைத்திருக்கிறேன். கம்பெனிகளில் தைத்து வரும் டீ-சர்ட்டுகளை மேஜையில் விரித்துப் போட்டு, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டுப்போனது எல்லாவற்றையும் கண்டுபிடிப்பது எங்கள் வேலை. குறை இருக்கும் இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி, 'ஆல்டர்' என்று தனியாகத் தூக்கிப் போட்டுவிடுவோம். இருபது வருடமாக இதையே செய்ததில் என் கண்ணுக்குக் குறை தவிர வேறெதுவும் தெரிவதில்லை. கல்யாண மண்டபத்தில் எல்லாரும் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தால், நான் அவர் சட்டையில் இடது தோள் தையல் கால் இஞ்ச் இறங்கியிருப்பதைப் பார்ப்பேன். இதை ஒரு திறமை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஒரே மகள் சுபஸ்ரீ கோவையில் ஹாஸ்டலில் சேர்ந்ததும் வீடு காலியானது. காலியான இடத்தில் டிவி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது. சனி, ஞாயிறு மாலையானால் டான்ஸ் ஷோ. பக்கத்து வீட்டு ஜஹானாராவும் வந்துவிடுவார். டிவியில் ஒரு பையன் தலையை ஊன்றிப் பம்பரமாகச் சுற்றினால் சோபாவில் இரண்டு பேருக்கும் மூச்சு நின்றுவிடும். அந்தப் பையனை அடுத்த வாரம் வெளியே அனுப்பினால் இரண்டு பேரும் முந்தானையில் மூக்கைச் சிந்துவார்கள். நான் டெங்குவில் பத்து நாள் படுத்திருந்தபோதுகூட எங்கள் வீட்டில் இவ்வளவு கண்ணீர் செலவானதில்லை.

ஷோ முடிந்தால் விட்டுவிடுமா? ஜட்ஜ்கள் டிவியை விட்டு இறங்கி என் மனைவியின் வாயில் குடியேறிவிட்டார்கள்.

"இந்து, ஒரு காப்பி."

"கேட்டதெல்லாம் செரிதானுங்க மாமா. எக்ஸ்பிரஷன் பத்தலீங்க."

"வண்டிச் சாவி எங்க புள்ள?"

"இந்த ரூமுக்கும் அந்த ரூமுக்கும் நடந்தீங்களே, அதுல எனர்ஜியே இல்லீங்க. உங்ககிட்ட இன்னும் எதிர்பாக்கறனுங்க."

ஊரே இப்படித்தான் ஆகிக் கிடந்தது. காதுகுத்துக்குச் சீர் கொண்டு வருகிற தாய்மாமன் ஸ்லோமோஷனில் நடந்து வருகிறார். பின்னால் தட்டு ஏந்தி வருகிற பெண்கள் ரெண்டு அடி முன்னே வைத்து ஓர் அடி பின்னே வைக்கிறார்கள். பந்தியில் சாம்பார் ஆறுகிறது. எங்கள் யூனிட் சூப்பர்வைசர் கண்ணம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. அட்டைப்பெட்டியை லாரியில் ஏற்றிவிட்டு, ஒரு சுற்றுச் சுற்றி, கையை விரித்து நிற்கிறார். லாரி டிரைவர் கைதட்டுகிறார்.

இப்படி எல்லாருக்கும் கால் தினவெடுத்துக் கிடந்த நேரத்தில்தான் நாச்சிமுத்து வாத்தியார் வந்து சேர்ந்தார். வள்ளிக்கும்மி கற்றுக் கொடுப்பவர். வள்ளியை முருகன் கட்டிக்கொண்ட கதையைப் பாடிக்கொண்டே, வட்டமாகச் சுற்றி, குனிந்து நிமிர்ந்து கைகொட்டி ஆடுகிற எங்கள் பக்கத்து ஆட்டம். மாரியம்மன் கோயில் மைதானத்தில் தினமும் சாயங்காலம் ஆறில் இருந்து ஏழரை வரை பயிற்சி, சித்திரையில் அரங்கேற்றம் என்று அறிவித்தார். முதல் நாளே அறுபது பெண்கள். என் யூனிட்டில் இருந்து மட்டும் பதினெட்டு பேர். இந்துமதிதான் முதல் பெயர் கொடுத்தவள்.

வாத்தியார் பாவம், பழைய மனிதர். பெண்கள் அவரைக் கேட்ட கேள்விகளைக் கேட்டு ஆடிப்போய்விட்டார்.

"ஏனுங்க வாத்தியாரே, என்ட்ரிக்குப் பொகை போடலாமுங்களா?"

"பொகையா? எதுக்குங்க சாமி, கொசுவுக்குங்களா?"

"நடுவுல ஒரு லிஃப்ட் வெச்சா நல்லா இருக்குமுங்க. ஒருத்தர ஒருத்தர் அப்பிடியே மேல தூக்கறது."

"கும்மியில யாரையுந் தூக்கற வழக்கமில்லீங்க கண்ணு. விழுந்தா மட்டுந்தான் தூக்குவமுங்க."

வாத்தியாருக்கு இருந்தது ஒரே கவலை. ஆண்கள் வரிசை காலி. "ஆம்பளைங்களும் ஆடற ஆட்டந்தானுங்க இது. ஒரு பன்னெண்டு பேர் வந்தாப் போதும், ஒரு வரிசை கட்டிருவேன்" என்று மைக்கில் தினமும் சொல்லிப் பார்த்தார். ஒரு ஆம்பளையும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இந்துமதி என்னிடம் வந்தாள்.

"மாமா, நீங்களும் வாங்களே. ரெண்டு பேருமா ஆடலாம். கல்யாணமாயி இருவத்திரெண்டு வருசத்துல ரெண்டு பேருஞ் சேந்து என்ன பண்ணிருக்கறோம், சொல்லுங்க?"

"ரேஷன் கார்டு எடுத்தமே."

"வாங்க மாமா."

"நானா? என்ற யூனிட்டுப் பொம்பளைங்க முன்னாடி கையக் கொட்டிக்கிட்டா? தலையே போனாலும் வரமாட்டேன்."

"செரிங்க" என்றாள்.

இருபத்திரண்டு வருடத்தில் நான் படித்துத் தேறியிருக்க வேண்டிய பாடம் ஒன்றே ஒன்றுதான். இந்துமதி 'செரிங்க' என்று சொன்னால் விஷயம் அப்போதுதான் ஆரம்பமாகிறது. நான் அந்தப் பாடத்தில் வருடா வருடம் ஃபெயில்.

ஆறு மணிக்குக் கும்மி என்பதால் ஐந்தரைக்கே தோசை சுட்டு ஹாட்பாக்ஸில் அடைத்துவிட்டுப் போய்விடுவாள். ஏழு மணிக்கு நான் வந்து திறப்பேன். ஏழு தோசையும் ஒன்றோடொன்று ஒட்டி, வேர்த்து, சாயப்பட்டறையில் இருந்து பிழியாமல் எடுத்து வந்த துணியைப் போலக் கிடக்கும். பிரித்துத் தின்பதா, காயப்போடுவதா என்று தெரியாது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தோசை ஒரு சாக்கு. வண்டிச் சத்தம் கேட்டதும் "வந்துட்டீங்களா" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வருமே, அது வருவதில்லை. ஏழு மணிக்குப் பூட்டிய வீட்டைத் திறந்து, நானே லைட்டைப் போட்டு, நானே உட்கார்ந்து தின்பது எனக்குப் பிடிக்கவில்லை. அவள் வேண்டும் என்று இருந்தது. அதை அவளிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். அதற்கு வேண்டிய எக்ஸ்பிரஷன் என்னிடம் இல்லை.

ஜஹானாராவின் கணவர் நஸ்ருதீன் என் யூனிட்டுக்குப் பக்கத்திலேயே லேபிள், எலாஸ்டிக் கடை வைத்திருக்கிறார். அவரிடம் போய்ப் புலம்பினேன்.

"பாய், சுடச்சுடத் தோசை தின்னு ஒரு மாசமாச்சுங்க."

"எனக்கும் அதே கதைதானுங்க. ஜஹானாரா தினமும் மைதானத்துல போயி வேடிக்கை பாத்துட்டு உக்காந்துக்கறா."

"இதுக்கு என்ன பண்றதுங்க பாய்?"

நஸ்ருதீன் எலாஸ்டிக்கை இழுத்து இழுத்து விட்டார். "மோகன்ராஜ், டிவியில வாராவாரம் ஒருத்தர வெளிய அனுப்பறாங்கல்ல? அதயே இங்கயும் வைக்கச் சொல்லுங்களேன். நீங்க ஜட்ஜா உக்காந்துக்குங்க. மொத வாரமே உங்க ஊட்டுல அவங்களுக்கு மார்க்கக் கொறைச்சுட்டா முடிஞ்சுது."

நான் அப்படியே மலைத்துப்போனேன். "பாய், இத்தன வருசம் இந்த மூளைய எங்க வெச்சிருந்தீங்க?"

"தானா வந்துச்சுங்க" என்றார். எலாஸ்டிக் கையில் பட்டென்று அடித்தது.

அன்று சாயங்காலம்தான் ஹாட்பாக்ஸ் முன்னால் அந்தச் சபதம். மறுநாளே மைதானத்துக்குப் போய் மைக்கைப் பிடித்தேன். மைக் செட்டுக்கும் தினப்படி சுண்டலுக்கும் என் யூனிட்தான் ஸ்பான்சர் என்று அறிவித்தேன். கைதட்டல். அரங்கேற்றத்தை நம் ஊர் கேபிள் சேனலில் படம் பிடித்துப் போடப் பேசியாகிவிட்டது என்றேன். அறுபது பேரும் ஒரே நேரத்தில் தலைமுடியைச் சரிசெய்தார்கள்.

"டிவியில வாறதுன்னா குவாலிட்டி முக்கியமுங்க. அதனால இனிமே வாராவாரம் மார்க்கு. மார்க்குக் கொறைஞ்சவங்க எலிமினேஷன். ஜட்ஜ், அடியேன்."

வாத்தியார் ஓடிவந்தார். "ஏனுங்க சாமி, கும்மியில யாரையுங் கழிக்கறதில்லீங்க. வர்றவங்களச் சேத்துக்கிட்டு வட்டத்தப் பெருசாக்குவமே தவிர, ஒருத்தர வெளிய நிறுத்தி நான் பாத்ததே இல்லீங்க."

ஆனால் பெண்களுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. ஜட்ஜ் இல்லாத டான்ஸும் ஒரு டான்ஸா? இத்தனை வருடமாகச் சோபாவில் உட்கார்ந்து அடுத்தவர்களுக்கு அழுதவர்கள். தங்களுக்கே ஒரு எலிமினேஷன் கிடைக்கிறதென்றால் சும்மாவா? "வெக்கலாமுங்க வாத்தியாரே, வெக்கலாமுங்க" என்று கத்தினார்கள்.

இந்துமதி மட்டும் அமைதியாகக் கையைத் தூக்கினாள்.

"டிவியில மாதிரின்னா, முழுசா டிவியில மாதிரித்தானுங்களே? எல்லா ரூல்சுமுங்களா?"

"எல்லா ரூல்சும்!" என்றேன், மைக்கில், மார்பைத் தட்டி. ஜஹானாரா அதைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். ஏதோ நம் மேல் மரியாதை என்று நினைத்து முகத்தை நன்றாகக் காட்டினேன்.

டிவி ரூல்களில் எனக்குத் தெரிந்தது எலிமினேஷன் ஒன்றுதான் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். மற்ற ரூல்களுக்கு முன்னால் எனக்குத் தூக்கம் வந்துவிடும்.

அந்த வாரம் சனிக்கிழமை. கிளிப் போட்ட அட்டை, செக்கிங் ஷீட், பையில் அம்புக்குறி ஸ்டிக்கர் ரோல் சகிதம் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஸ்டிக்கரை ஆள் மேல் ஒட்ட முடியாது என்பதால் பெயருக்கு நேராக ஒட்டினேன். கண்ணம்மாள், கால் லேட், ஒரு ஸ்டிக்கர். மூன்றாவது வரிசைக்காரர், கை கொட்டும்போது செயினைத் தொட்டுப் பார்க்கிறார், ஒரு ஸ்டிக்கர். இந்துமதிக்கு ஸ்டிக்கர் ஒட்ட ஏதாவது காரணம் வேண்டுமே என்று நான் கவலைப்படவே தேவையில்லாமல் போயிற்று. எல்லாரும் வலப்பக்கம் திரும்பினால் அவள் இடப்பக்கம் திரும்பினாள். ஒருமுறை, இருமுறை அல்ல. மூன்று முறை. என் மனைவி இவ்வளவு மோசமாக ஆடுவாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கியது.

மைக்கைப் பிடித்து, டிவியில் செய்வதைப் போல நீண்ட நேரம் பேசாமல் நின்றேன். கோயில் வேப்பமரத்தில் காக்கா கரைந்தது.

"பத்துக்கு நாலு மார்க் வாங்கி, இந்த வாரம் நம்மள விட்டு வெளியேறுபவர்... இந்துமதி!"

"அய்யோ!" என்று அறுபது பேரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள். நான்கு பேர் அழுதே விட்டார்கள். எனக்கு நாக்கில் மொறுமொறுவென்று தோசை வந்து நின்றது.

இந்துமதி மைக்கை வாங்கினாள். "மார்க்கு செரிதானுங்க ஜட்ஜய்யா. நான் தப்பாத்தான் ஆடுனேன். ஆனா தப்புன்னு சொல்ற ஜட்ஜ், எப்பிடி ஆடோணும்னு மேடைக்கு வந்து ஆடிக் காட்டோணுமுங்களே? டிவியில அதுதானுங்களே ரூலு?"

"எந்த ஷோவுல?"

"எல்லா ஷோவுலயுங்க!" என்று அறுபது குரல்.

நான் நழுவப் பார்த்தேன். ஜஹானாரா செல்போனை மைக்கில் வைத்து அழுத்தினார். 'எல்லா ரூல்சும்! எல்லா ரூல்சும்!' என்று என் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. அந்த மைக் செட்டுக்கு நானே ஸ்பான்சர்.

வேட்டியை மடித்துக் கட்டினேன். வட்டத்துக்குள் போனேன். வாத்தியார் பாட்டெடுத்தார். முதல் அடி சரியாக வந்தது. இரண்டாவது அடியும் வந்தது. அப்போது அறுபது பேரும் ஒன்றாகக் கை கொட்டினார்கள். அந்தச் சத்தம் நெஞ்சுக்குள்ளேயே கேட்டது. வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது அது இப்படிக் கேட்கவில்லை. நன்றாக இருந்தது. மிக நன்றாக இருந்தது. அந்த மயக்கத்தில் திரும்பினேன். எல்லாரும் வலப்பக்கம் திரும்ப, நான் இடப்பக்கம் திரும்பினேன். எதிரே வந்த கண்ணம்மாள் மேல் மோதி மல்லாந்தேன்.

நாச்சிமுத்து வாத்தியார் வந்து கையைக் கொடுத்தார். "விழுந்தாத் தூக்குவமுங்க" என்றார்.

மண்ணைத் தட்டிக்கொண்டு நிற்கும்போதே அடுத்த ரூல் வந்தது. மக்கள் ஓட்டு. அதற்கு வாட்ஸப்பில் ஏற்கெனவே எல்லாம் தயாராக இருந்தது எனக்கு அப்போது விசித்திரமாகப் படவில்லை. யார் இருக்க வேண்டும், இந்துமதியா, ஜட்ஜா? அறுபது பேரும் தலையைக் குனிந்து செல்போனைத் தட்டினார்கள். என்னிடம் சம்பளம் வாங்கும் பதினெட்டு பேர் மற்றவர்களைவிட வேகமாகத் தட்டினார்கள். கண்ணம்மாள் முடிவை வாசித்தார்.

"இந்துமதியக்காவுக்கு அம்பத்தொம்போது. ஜட்ஜய்யாவுக்கு ஒண்ணு. ஜட்ஜய்யா எலிமினேஷனுங்க!"

டிவியில் செய்வதைப் போலவே வரிசையாக வந்து என்னிடம் ஆறுதல் சொன்னார்கள். "இது முடிவில்லீங்க, உங்களோட பயணம் இனிமேத்தான்" என்று ஒரு பெண் சொன்னாள். போன வாரம்தான் அவளுக்கு லீவு தர மாட்டேன் என்றிருந்தேன். நான் செருப்பைத் தேடினேன்.

"எங்கீங்க போறீங்க?" என்று மறித்தாள் இந்துமதி. "வெளிய போனவங்க திரும்பி உள்ள வர வைல்டு கார்டு உண்டுங்களே. அதும் ரூலுதானுங்க."

வாத்தியார் நோட்டைத் திறந்து, காலியாக இருந்த ஆண்கள் வரிசையில் முதல் பெயராக என் பெயரை எழுதினார். "நாளைக்கு ஆறு மணிக்கு வந்துருங்க சாமி. நான்தான் சொன்னனே, கும்மியில யாரையுங் கழிக்கறதில்லீங்க."

மறுநாள் நான் போகாமல் இருந்திருக்கலாம். திங்கட்கிழமை யூனிட்டில் அந்தப் பதினெட்டு பெண்களின் முகத்தில் விழிக்க வேண்டுமே என்று போனேன். இது நான் நஸ்ருதீனிடம் சொன்ன காரணம். அந்தக் கைகொட்டும் சத்தத்தைத் திரும்பக் கேட்கப் போனேன் என்பது உங்களுக்கு மட்டும். நான் வளைந்து நெளிவதை வேடிக்கை பார்க்க வந்த மற்ற கணவர்களை அவரவர் மனைவிமார் அங்கேயே அமுக்கிப் பிடித்தார்கள். பத்தே நாளில் பன்னிரண்டு பேர் சேர்ந்து வரிசை கட்டியாயிற்று.

பயிற்சியில் ஒன்றைக் கவனித்தேன். இந்துமதி முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்தாள். வலப்பக்கம் என்றால் வலப்பக்கம், இடப்பக்கம் என்றால் இடப்பக்கம். வாத்தியாரே அவளைப் பார்த்துத்தான் மற்றவர்களைத் திரும்பச் சொன்னார். இருபது வருடச் செக்கிங் கண்ணால் தேடினேன். ஒட்டுவதற்கு ஒரு ஸ்டிக்கர்கூடக் கிடைக்கவில்லை.

மைக் செட் பக்கத்தில் நின்ற நஸ்ருதீனிடம் போனேன். "பாய், நெசத்தச் சொல்லுங்க. எலிமினேஷன் யோசனை உங்களுக்குத் தானா வந்துச்சுங்களா?"

அவர் வயரைச் சுற்றிக்கொண்டே தரையைப் பார்த்தார். "ஜஹானாராதானுங்க சொல்லச் சொன்னா. அவளுக்கு..."

"அவங்களுக்கு?"

அவர் முன்வரிசையைப் பார்த்தார். அங்கே இந்துமதி எனக்குக் கை காட்டினாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் வண்டியில் அவளைக் கேட்டேன். "ஏம்புள்ள, எனக்கு ஓட்டுப் போட்ட அந்த ஒருத்தர் ஆருன்னு தெரியுமா?"

"நாந்தானுங்க."

வண்டியை ஓரம் கட்டினேன். "நெசமாவா?"

"ஒருத்தராச்சும் போடோணுமில்லீங்க மாமா. பாவம்."

சித்திரையில் அரங்கேற்றம் நடந்தது. புகை இல்லை, லிஃப்ட் இல்லை. கொட்டுச் சத்தமும் கைகொட்டலும்தான். நான் ஒரு தடவைதான் இடப்பக்கம் திரும்பினேன். அவிநாசியில் இருந்து வந்திருந்த இந்துமதியின் சித்தப்பா, கூட்டத்தில் யாரிடமோ, "அந்த வேட்டி அவுந்து விழப் போறவரு நம்ம மாப்பளதானுங்க" என்று பெருமையாகச் சொன்னதாகக் கேள்வி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறரைக்கு அது கேபிள் சேனலில் வந்தது. எங்கள் வீட்டு ஹாலில் பாதி ஊர். சோபா நடுவில் இந்துமதியும் ஜஹானாராவும். பயிற்சி முடிந்துவிட்டதால் இனி சுடச்சுடத் தோசைதான் என்று நான் ஆசையோடு போய் ஹாட்பாக்ஸைத் திறந்தேன். காலி. உள்ளே ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர். அது ஃப்ரிட்ஜைக் காட்டியது. ஃப்ரிட்ஜில் மாவுப் பாத்திரம். அதன் மூடியில் இன்னொரு ஸ்டிக்கர். அது அடுப்பைக் காட்டியது.

"இந்து, இது என்ன புள்ள?"

"டிவியில நான் வர்றனுங்க மாமா. சித்த நேரம் நீங்க பாத்துக்குங்க!"

கல்லைப் போட்டேன். மாவை ஊற்றினேன். வட்டம் வரவில்லை. ஓரம் கிழிந்தது. ஒரு பக்கம் வேகும்போது ஹாலில் இருந்து கூச்சல்.

"மாமா, உங்களக் காட்டறாங்க! வெசயா வாங்க!"

தோசைத் திருப்பியோடு ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் ஜவுளிக்கடை விளம்பரம் வந்துவிட்டது. திரும்பி ஓடினேன். தோசை கருகிவிட்டது. நாற்பத்தெட்டு வயதில் முதல் முறையாக டிவியில் வந்த மோகன்ராஜைப் பார்க்காதவர், எங்கள் வீட்டில் மோகன்ராஜ் ஒருவர்தான்.

கருகின பக்கத்தை அடியில் மறைத்து, தட்டில் வைத்து இந்துமதியிடம் நீட்டினேன். அவள் தட்டைத் திருப்பினாள். தோசையைத் திருப்பினாள். ஒரு வாய் பிட்டுப் போட்டாள். ஜஹானாராவைப் பார்த்தாள். டிவி ஜட்ஜைப் போலத் தலையை ஒரு பக்கம் சாய்த்தாள்.

"பத்துக்கு நாலுங்க மாமா."

"அப்போ நான் எலிமினேஷனா?" என்றேன், கொஞ்சம் ஆசையாகவே.

"இல்லீங்க. இன்னும் பதினேழு பேரு சாப்பிடோணும். தோசை சுட வேற ஆளில்லீங்க."